அறுநூறு டாலர் வெளிச்சம்

அக்டோபர் 4, 2025, சனி

டைரி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. எழுதச் சொன்னவர் குருசாமி. டெட்ராய்ட் வட்டாரத் தமிழர்களில் பாதிப் பேருக்கு வருமான வரிக் கணக்கு அவர்தான் போட்டுக் கொடுக்கிறார். விருதுநகர்க்காரர். "அண்ணாச்சி, வீட்டுல என்ன வேலை செஞ்சாலும் தேதி போட்டு எழுதி வைங்க. பிப்ரவரியில வந்து எங்கிட்ட முழிக்காதீங்க" என்றார். அதனால் எழுதுகிறேன். வரிக்காக மட்டும்.

விஷயம் இதுதான். வெப்பத்தை வெளியே விடாத நல்ல ரகக் கண்ணாடிச் சன்னலோ, கூரையில் பதிக்கும் ஸ்கைலைட்டோ குடியிருக்கும் சொந்த வீட்டில் போட்டால், கண்ணாடி விலையில் முப்பது சதவீதத்தை அரசாங்கம் நம் வரியில் கழித்துக்கொள்கிறது. அதிகபட்சம் அறுநூறு டாலர். இந்தச் சலுகை வரும் டிசம்பர் முப்பத்தொன்றோடு சரி. கொடுக்கிறேன் என்பதை வேண்டாம் என்று விட நான் என்ன ஜமீன்தாரா?

சமையலறைக்கு ஒரு ஸ்கைலைட் போடப் போகிறேன். வீட்டின் பின்பக்கம் மாடி இல்லாத பகுதி அது. வடக்குப் பார்த்த ஒரே சன்னல். அதையும் பக்கத்து வீட்டு மரம் மறைத்துக்கொண்டு நிற்கிறது. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் சமையல் நடக்கிறது. ஸ்கைலைட் வந்தால் மின்சாரமும் மிச்சம்.

என் மனைவி உலகம்மாளிடம் சொன்னேன். "செய்யுங்க" என்றாள். எங்கே, எப்படி, எவ்வளவு என்று ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 11, சனி

மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டேன். சொல்லிவைத்தாற்போல மூன்றும் ஒரே மாதிரி. கண்ணாடிக்கு ஒரு விலை; கூரையை வெட்டிப் பதிக்கும் கூலி அதைப் போல இரண்டு மடங்கு. கூலிக்குச் சலுகை கிடையாதாம். குருசாமி போனிலேயே சிரித்தார்.

"அண்ணாச்சி, சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆகிப்போச்சு. அறுநூறு வருதுன்னு ஆறாயிரத்தை எடுத்து வைக்கப் போறீங்களா? சும்மா இருந்தாலே லாபம்."

"மின்சாரம் மிச்சம்லா?"

"அந்த மிச்சத்துல போட்ட காசு எப்ப திரும்பும்? கணக்குப் போட்டீங்களா?"

போட்டேன். எனக்குத் தொண்ணூற்று மூன்று வயதாகும்போது திரும்பிவிடும். எங்கள் பக்கம் ஆயுசு கெட்டி. காலி பால் கேனை வெட்டி அதில் கொத்தமல்லி வளர்க்கிறவன் நான். காசு விஷயத்தில் யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். மத்தியானமே முன்பணம் கட்டிவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஆபீஸ் உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனேன். உலகு பலகாரம் எதுவும் செய்யவில்லை. "இந்த வருசம் கை ஓடல" என்றாள். கடையில் வாங்கிய மைசூர்பாகை ஆளுக்கொன்று சாப்பிட்டோம்.

சாயங்காலம், டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னாள். ஜனவரி இரண்டாம் தேதி கிளம்புகிறாள். தென்காசியில் அவள் அக்கா மகளுக்குத் தை மாதம் கல்யாணம். போக மட்டும்தான் டிக்கெட். திரும்பி வருவதற்கு என்று கேட்டேன். "அங்க போய்ப் பாத்துக்கிடலாம்" என்றாள். போகவும் வரவும் சேர்த்துப் போட்டால்தான் மலிவு. இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவளுக்கு அது தெரியாமல் இராது.

போன குளிர்காலம் அவளுக்குச் சரியாகப் போகவில்லை. மகள் தாரணி கலிஃபோர்னியாவுக்குப் படிக்கப் போன முதல் வருஷம். உலகு காலையில் எழுந்திருக்கவே மாட்டாள். டாக்டர், வெயில் இல்லாத ஊர்களில் சிலருக்கு இப்படி வருவதுண்டு என்று சொல்லி, முகத்துக்கு எதிரே வைத்துக்கொள்ள ஒரு விளக்கு எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாள் வைத்துக்கொண்டாள். பிறகு, "ஆஸ்பத்திரில உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்று அலமாரியில் போட்டுவிட்டாள். பிப்ரவரியில் ஒரு நாள், "இந்த இருட்டுக்குள்ள இன்னொரு குளிர்காலம் என்னால முடியாதுங்க" என்றாள். கரண்ட் பில்லைப் பற்றிக் கவலைப்படாமல் எல்லா விளக்கையும் போட்டுக்கொள் என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே பெரிய விஷயம்.

இதெல்லாம் வரிக்குச் சம்பந்தமில்லாதது. ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

குளிர்கால வழக்கப்படி இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தோம். இனி ஐந்தரைக்கெல்லாம் இருட்டு.

நவம்பர் 13, வியாழன்

கொஞ்ச நாளாகவே, பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினால் உலகு திரும்பி வர நெடுநேரம் ஆகிறது. நான் ஆபீஸிலிருந்து போன் செய்தால், "கடையிலதான் இருக்கேன்" என்பாள். கடையில் அவ்வளவு நேரம் என்ன வேலை என்று யோசித்திருக்கிறேன்.

இன்று மதியம் ஆபீஸில் சாப்பாடு சரியில்லை. வடை வாங்கலாம் என்று இந்தியக் கடைக்குப் போனேன். வாகனம் நிறுத்தும் இடத்தின் கடைசி வரிசையில் உலகு ஓட்டும் கார் நின்றது. தெற்குப் பார்த்து நிறுத்தியிருந்தாள். அபூர்வமாக இன்று வெயில். அவள் உள்ளே ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துப் போட்டு, கண்ணை மூடி, முகத்தை வெயிலுக்குக் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தாள். பால் பக்கத்து இருக்கையில் இருந்தது. வாங்கி வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும்.

கண்ணாடியைத் தட்டலாம் என்று கிட்டே போனேன். தட்டவில்லை. அவள் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. நான் போய் நின்றால் அது கலைந்துவிடும் என்று தோன்றியது. எனக்குப் பயமாகவும் இருந்தது. வடை வாங்காமல் ஆபீஸுக்குத் திரும்பிவிட்டேன்.

கம்பெனிக்காரன் ரேண்டியைக் கூப்பிட்டு, ஸ்கைலைட்டை இன்னும் ஒரு அளவு பெரிதாகப் போட முடியுமா என்று கேட்டேன். போடலாம், விலை ஏறும், ஆனால் சலுகை அதே அறுநூறுதான் என்றான். பெரிதாகவே போடச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

நன்றி நவிலல் விடுமுறைக்குத் தாரணி வந்திருக்கிறாள். வீடு கொஞ்சம் கலகலவென்று இருக்கிறது. அம்மாவும் மகளும் மாவாட்டி ஆப்பம் சுட்டார்கள்.

மத்தியானம் தாரணி என்னோடு குப்பைத் தொட்டியைத் தெருவோரம் வைக்க வந்தாள். குப்பைத் தொட்டிக்கு இரண்டு பேர் தேவையில்லை. ஏதோ கேட்கத்தான் வருகிறாள் என்று தெரிந்தது.

"அப்பா, அம்மா திரும்பி வருவாங்களா?"

"கல்யாணத்துக்குத்தானே போறா."

"நீங்க கேட்டீங்களா?"

"இதுல கேக்க என்ன இருக்கு?"

"நான் கேட்டேன். 'உங்க அப்பா கேக்கட்டும், சொல்லுதேன்'னாங்க."

சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும். டிசம்பர் பத்தாம் தேதி ஸ்கைலைட் போட வருகிறார்கள். அதைப் பார்த்தபிறகு எல்லாம் சரியாகிவிடும்.

டிசம்பர் 3, புதன்

திருக்கார்த்திகை. வாசலில் வைத்த விளக்குகளைக் காற்று அணைத்துவிட்டது. எடுத்து உள்ளே சன்னல் ஓரமாக வைத்தோம்.

டிசம்பர் 9, செவ்வாய்

ரேண்டி போன் செய்தான். நாளை பனிப்புயலாம். கூரையில் ஏற முடியாது. பதினெட்டாம் தேதிக்குத் தள்ளிப் போட்டிருக்கிறான். முப்பத்தொன்றுக்குள் முடிந்தால் போதும், கவலை இல்லை என்றேன்.

டிசம்பர் 10, புதன்

கவலை இருக்கிறது.

தென்காசியிலிருந்து வருஷா வருஷம் அவள் அண்ணன் அனுப்பும் தினசரிக் காலண்டர் சாப்பாட்டு மேஜைக்கு மேல் தொங்குகிறது. நான் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. உலகு தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பதினெட்டு மார்கழி மூணுங்க" என்றாள்.

"அதனால?"

"மார்கழில யாராவது கூரையைப் பிரிப்பாவளா? கேட்டவ சிரிப்பாவ. தை பொறக்கட்டும். பொங்கல் கழிச்சு நல்ல நாளாப் பாத்துப் போடுங்க. அறுநூறு டாலர்தானே, போனாப் போகுது."

"அரசாங்கம் பொங்கல் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது."

நான் சொல்ல வந்தது அது இல்லை. பொங்கலுக்கு நீ இங்கே இருக்க மாட்டாயே என்று சொல்ல வந்தேன். அது உள்ளேயே நின்றுவிட, இது வெளியே வந்தது.

"நான் ஊருக்குப் போன பொறவு நீங்க இந்த வீட்டுல ஒத்தையில இருக்கப் போறிய. மார்கழில தொட்ட கூரைக்குக் கீழ நீங்க ஒத்தையில இருக்கியன்னு நெனச்சா எனக்கு அங்க தூக்கம் வராது."

எத்தனை நாள் ஒத்தையில் என்று நான் கேட்கவில்லை. தாரணி சொன்னது ஞாபகம் வந்தது. அப்படியும் கேட்கவில்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது; போய் வாசலில் கிடந்த பனியைத் தள்ளினேன்.

டிசம்பர் 12, வெள்ளி

வேறு வழியில்லாமல் தென்காசிக்கே போன் செய்தேன். உலகுவின் அண்ணன் சங்கரலிங்கம் மச்சான் இரண்டு வீடு கட்டியவர். மார்கழியில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டவரும்கூட. அது எனக்கு ஞாபகம் இருந்தது.

"மாப்ள, மார்கழில ஆரம்பிக்கத்தான் கூடாது. நடந்துக்கிட்டு இருக்க வேலையை எவன் நிறுத்துவான்? கார்த்திகைலயே ஒரு நல்ல நேரம் பாத்து, பேருக்கு ஒரு கொத்து கொத்தி வச்சிருங்க. பொறவு மார்கழி என்ன, ஆடி என்ன, வேலை பாட்டுக்கு ஓடும்."

இப்போது எல்லாம் தெளிவாகிவிட்டது. தென்காசிக்கு வேலை தொடங்கிய நாள்தான் கணக்கு. வாஷிங்டனுக்கு முடித்த நாள்தான் கணக்கு. கார்த்திகை முடிவதற்குள் தொடங்கி, டிசம்பர் முடிவதற்குள் முடித்துவிட்டால் இரண்டு பேர் வாயையும் அடைத்துவிடலாம். உலகுவிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்ணனே சொல்லிட்டாவன்னா சரி" என்றாள். கார்த்திகையின் கடைசி நாள் திங்கட்கிழமை. ரேண்டியால் வர முடியாது. நானே கொத்திவிடுவது என்று முடிவு செய்தேன். மேற்கூரையில் பனி கிடப்பதால் சமையலறைக்குள் நின்று, உட்கூரையில் சின்னதாக ஒரு வெட்டு. அது ஒரு பெரிய காரியமா?

டிசம்பர் 15, திங்கள்

பெரிய காரியம்தான்.

ராகு காலம் கழிந்ததும் ஏணியைப் போட்டேன். உலகு குளித்து, புடவை மாற்றி, மஞ்சளும் குங்குமமும் குழைத்து வைத்திருந்தாள். உட்கூரையில் நான் பென்சிலால் ஒரு சதுரம் போட்டேன். அவள் ஏணியில் இரண்டு படி ஏறி அதன் நான்கு மூலையிலும் பொட்டு வைத்தாள். அடுப்பு மேடையில் வெற்றிலை, பழம், ஒரு சின்ன விளக்கு. பக்கத்தில் தோசை மாவுப் பாத்திரம் திறந்து இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

உட்கூரைப் பலகை அட்டை மாதிரிதான். கைரம்பம் சுலபமாக இறங்கியது. சதுரத்தின் கடைசிப் பக்கத்தை அறுத்ததும் பலகை கையோடு வந்தது. அதன் பின்னாலேயே, குளிருக்காகக் கூரைக்குள் அடைத்துவைத்திருந்த சாம்பல் நிறப் பஞ்சுத்தூள் அத்தனையும் கொட்டியது. என் தலையில், சட்டைக்குள், அடுப்பில், வெற்றிலையில், மாவில். விளக்கு அணைந்துவிட்டது. நிற்கும் நிற்கும் என்று பார்க்கிறேன், அரிசி மூட்டையில் ஓட்டை விழுந்தது போல நிற்காமல் வருகிறது. நான் இரண்டு கையாலும் ஓட்டையைப் பொத்திக்கொண்டு ஏணியில் நின்றேன். இறங்கினால் கொட்டும், நின்றால் கை வலிக்கும்.

"மாவு! மாவு! ஐயோ, மூடி வைக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?" என்று உலகு கத்தினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் முகம் ஒரு மாதிரி கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல் சிரித்தாள். "கண்ணு மட்டும்தான் தெரியுது உங்களுக்கு... மாப்ள கொத்துன கொத்தை அண்ணன் பாக்கணும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கைவலி போன இடம் தெரியவில்லை. அவள் சிரித்து முடிக்கிற வரைக்கும் அப்படியே நிற்கலாம் என்று இருந்தது.

என் பழைய வேட்டியைச் சுருட்டி ஓட்டையை அடைத்தோம். சுத்தம் செய்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. இரண்டு பேரும் ரொட்டி சாப்பிட்டோம்.

வேலை தொடங்கிய நாள்: டிசம்பர் 15. கார்த்திகை.

டிசம்பர் 18, வியாழன்

ரேண்டி இரண்டு ஆட்களோடு வந்தான். வேட்டி அடைத்த ஓட்டையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இது யார் செய்த வேலை என்று கேட்டான். ஒரு பூஜை என்றேன். தலையாட்டினான். ஆனால் பூஜை நடந்தது ஸ்கைலைட் வரவேண்டிய இடத்தில் இல்லையாம். ஒரு முழம் தள்ளி, மின்சார வயருக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறதாம். இன்னும் கொஞ்சம் ஆழமாகப் பூஜை செய்திருந்தால் ஆளே போயிருப்பேன் என்று சொன்னான். உலகு அதைக் கேட்டு என்னை முறைத்தாள். ஓட்டையை அடைக்கத் தனிக் கூலி.

மத்தியானம் கூரையை வெட்டித் திறந்தார்கள். சமையலறைக்குள் நேராக வானம் தெரிந்தது. உலகு ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அதற்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். குளிருகிறது, உள்ளே வா என்றேன். "இருங்க" என்றாள்.

டிசம்பர் 19, வெள்ளி

முடிந்துவிட்டது. கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படம் எடுத்துக்கொண்டேன். அதில் இருக்கும் எண் வரிக்கு வேண்டும் என்று குருசாமி சொல்லியிருக்கிறார். முடித்த நாள்: டிசம்பர் 19. வாஷிங்டனுக்கும் திருப்தி.

டிசம்பர் 20, சனி

மேகம்.

டிசம்பர் 21, ஞாயிறு

மேகம். வருஷத்திலேயே குறுகிய பகல் இன்றுதான்.

டிசம்பர் 24, புதன்

மேகம். ரேண்டிக்குப் போன் செய்து என்ன சொல்வது? சூரியன் அவன் பொறுப்பில் இல்லை. உலகு பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டாள். இரண்டு பெரிய பெட்டிகள். ஒரு கல்யாணத்துக்கு இத்தனை துணியா என்று இருக்கிறது. குளிர்ச்சட்டை எதையும் எடுத்து வைக்கவில்லை. பழையவற்றைத் துவைத்து, தானம் கொடுக்கும் பையில் போட்டிருக்கிறாள். புதியவை இரண்டு மட்டும் அலமாரியில் தொங்குகின்றன. போய் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

வெயில்!

பத்து மணி வாக்கில் மேகம் விலகியது. சமையலறையில் விளக்கை அணைத்தேன். வெளிச்சம் இருந்தது. பாத்திரம், அடுப்பு, அவள் கை எல்லாம் நிறத்தோடு தெரிந்தன. ஆனால் வெயில் தரைக்கு வரவில்லை. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகப் போவதால், நேர் வெயில் மேல் அலமாரிக்கும் மேலே சுவரில் ஒரு பட்டையாக விழுந்தது. இதை நான் யோசிக்கவில்லை. எஞ்சினியர் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன்.

உலகு சின்ன ஏணியை எடுத்துப் போட்டு ஏறினாள். கையை நீட்டி அந்தச் சுவரில் வெயில் விழுந்த இடத்தில் வைத்தாள். பிறகு இன்னும் ஒரு படி ஏறி, கன்னத்தையே அதில் வைத்துக்கொண்டாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"தரைக்கு எப்ப வரும்?"

"மார்ச் கடைசி, ஏப்ரல் ஆகும்."

"ம்" என்றாள். பிறகு மேலிருந்தே, "இது அறுநூறு டாலருக்காகத்தானா?" என்று கேட்டாள்.

"பின்ன?"

"சரி" என்று இறங்கி வந்துவிட்டாள்.

பின்ன என்று சொன்ன இந்த வாயை என்ன செய்வது?

ஜனவரி 2, 2026, வெள்ளி

விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம், எந்த டப்பாவில் என்ன பருப்பு, எந்தச் செடிக்கு எப்போது தண்ணீர் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஸ்கைலைட் ஓரத்தில் தண்ணீர் கசிகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னாள். சோதனைக்குப் போகும் வரிசை வந்ததும் நின்றாள்.

"வேற ஒண்ணும் கேக்கணுமா எங்கிட்ட?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"பாஸ்போர்ட் எடுத்தியா?" என்றேன்.

"எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜனவரி 18, ஞாயிறு

நேற்றெல்லாம் பனி. ஸ்கைலைட்டை முழுக்க மூடிவிட்டது. சமையலறையில் யாரும் இல்லாதபோது வெளிச்சம் யாருக்கு என்று விட்டுவிட்டேன். காலையில் உலகு வீடியோவில் கூப்பிட்டாள். "கிச்சன் ஏன் இப்படி இருட்டாக் கெடக்கு?" என்றாள். பனி என்றேன். "தள்ளி விடுங்க. அதுக்குன்னு ஏணில ஏறிராதிய, ஆளில்லாத நேரத்துல." கடைக்குப் போய், தரையில் நின்றபடியே கூரைப் பனியை இழுக்கும் நீளக் கழி ஒன்று வாங்கி வந்தேன். தள்ளுபடிக்குக் காத்திருக்கவில்லை.

ஜனவரி 29, வியாழன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மச்சான் படங்கள் அனுப்பியிருக்கிறார். மண்டப வாசலில், வெயிலில், உலகு நாலு பெண்களோடு நின்று சிரிக்கிறாள். கறுத்துப் பளபளவென்று இருக்கிறாள். போன குளிர்காலத்தில் கட்டிலில் கிடந்தவள் இவள்தான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி 7, சனி

காலையில் குருசாமி வீட்டுக்குப் போனேன். சம்பளச் சீட்டு, வட்டிச் சீட்டு, ரேண்டியின் ரசீது எல்லாம் கொடுத்தேன். வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தவர் ஸ்கைலைட்டில் நிறுத்தினார்.

"இதுக்கு ஒரு கேள்வி கேக்கும் அண்ணாச்சி. நீங்களும் மதினியும் குடியிருக்குற முக்கிய வீடு இதுதானே?"

"ஆமா."

"சரி, போட்டுறேன்."

"இல்ல, கொஞ்சம் பொறுங்க. உலகுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருதேன்."

"இது போன வருசக் கணக்கு அண்ணாச்சி. போன வருசம் பூரா மதினி இங்கதானே இருந்தாங்க? இதுல கேக்க என்ன இருக்கு?"

"இருந்தாலும், கணக்குன்னா சரியா இருக்கணும்லா."

குருசாமி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு, "டீ போட்டுட்டு வாரேன்" என்று எழுந்து மாடியில் இருக்கும் சமையலறைக்குப் போய்விட்டார். நான் போனை எடுத்தேன். தென்காசியில் அப்போது ராத்திரிச் சாப்பாட்டு நேரம்.

"ஏ உலகு, குருசாமி வீட்டுல இருக்கேன். வரி விஷயமா ஒரு கேள்வி."

"கேளுங்க."

"நீ குடியிருக்க வீடு இங்க இருக்கதுதான்னு போடலாமான்னு கேக்காரு."

பின்னால் யாரோ பிள்ளையை அதட்டும் சத்தம் கேட்டது.

"போன வருசத்துக்கா, இந்த வருசத்துக்கா?"

"அவரு போன வருசத்துக்குத்தான் கேக்காரு."

"நீங்க?"

மேஜையில் கிடந்த ரசீதையெல்லாம் பார்த்தேன். அதில் ஒன்றும் உதவிக்கு வருவதாக இல்லை.

"நான் இந்த வருசத்துக்குக் கேக்கேன்" என்றேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. "சலுகையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல உலகு. நீ போயிரக் கூடாதுன்னுதான் கூரையை வெட்டினேன். வெயிலு வந்தா இருந்துருவேன்னு நெனச்சேன். நீ இல்லாம எனக்கு இங்க முடியல."

"அறுநூறு டாலருக்கு ஆறாயிரம் செலவழிக்க ஆளா நீங்க? அது எனக்கு முதல் நாளே தெரியும். வரி, வரின்னே சொல்லிக்கிட்டு இருந்திய. எப்பதான் வாயத் தொறக்கிய பாப்போம்னு ஏர்போர்ட்டு வரைக்கும் பாத்தேன். பாஸ்போர்ட் எடுத்தியான்னு கேக்கிய!"

"இப்ப கேக்கேன்லா. எப்ப வார?"

"நானா வரணுமா? பொறந்த வீட்டுக்கு வந்தவளைக் கூட்டிட்டுப் போக ஆளு வரணும்லா. பங்குனி உத்திரத்துக்கு நம்ம குலசாமி சாஸ்தா கோயிலுக்கு வாங்க. நீங்க அங்க வந்து எத்தனை வருசம் ஆச்சு? சாமி கும்பிட்டுட்டு, எங்க அண்ணங்கிட்ட சொல்லி, முறையாக் கூட்டிட்டுப் போங்க."

"வாரேன்."

"இன்னும் ஒண்ணு இருக்கு. கார்த்திகை பொறந்தா நான் திரும்ப இங்க வந்துருவேன். மாசி வரைக்கும் இங்கதான். உங்க கண்ணாடி நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தக் குளிர்காலம் எனக்கு ஒத்துக்கிடாதுங்க. அதுக்கு நீங்க முகத்தைத் தூக்கக் கூடாது."

வருஷத்தில் நாலு மாதம். வலித்தது. ஆனால் இன்று காலை வரைக்கும் மிச்ச எட்டு மாதமும் என் கையில் இல்லை.

"சரி" என்றேன். "அப்ப அடுத்த வருசம் முக்கிய வீடு எதுன்னு போடுறது?"

"அதை அடுத்த வருசம் கேளுங்க. குருசாமியைச் சாக்கு வைக்காம, நீங்களாக் கேளுங்க."

குருசாமி டீயோடு இறங்கி வந்தார். மதினி என்ன சொன்னாங்க என்று கேட்டார். ஆமாம் என்று போடச் சொன்னேன். டீயில் சர்க்கரை அதிகம். முழுக்கக் குடித்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

மேனேஜரிடம் மார்ச் கடைசியிலிருந்து மூன்று வாரம் லீவு கேட்டேன். நான் அவ்வளவு நாள் லீவு கேட்டதே இல்லை என்பதால், இந்தியாவில் ஏதாவது அவசரமா, சொத்து விஷயமா என்று விசாரித்தார். என் மனைவியைக் கூட்டி வரப் போகிறேன் என்றேன். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை.